அரைச் சாணுக்கு ஒரு கோடு

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. பிரிண்டர், ஜெராக்ஸ், ஸ்கேனர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த மிஷின். மாணவர்களின் சாதிச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் படமெடுத்து மேலே அனுப்புவதற்காக வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்ளும் அலுவலக உதவியாளர் அதன்மேல் பூப்போட்ட துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்திருப்பார். இரண்டு வாரம் முழுக்க அந்தத் துண்டை நான் விலக்குவதும் அவர் போர்த்துவதுமாகவே போனது. இன்றைக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட அந்த மிஷினைத் தாண்டிப் போகும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துவது ஒன்றைத்தான். எதையும் அளப்பதற்கு முன்னால் அளக்கிற கருவியைச் சோதியுங்கள், அதிலேயே பிழை இருக்கிறதா பாருங்கள், பிறகு மற்றதைத் தொடுங்கள். களம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு கூட்டம் இதை அப்படியே என் குரலில் சொல்லிக் காட்டிச் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். நடந்தது தெரிந்தால் இன்னும் நன்றாகச் சிரிப்பார்கள்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். கைத்தறியில் பட்டுப்புடவை நெய்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுப்பது அவர் தொழில். முப்பது வருடமாக அதே சங்கம், அதே தறிக்குழி. மாடியில் நானும் என் கணவரும். என் கணவர் விசைத்தறிப் புடவைகளை வாங்கி வெளியூர்க் கடைகளுக்குப் போடுகிற வியாபாரி. அக்கா கைத்தறி, தம்பி விசைத்தறி. ஆரணியில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அதுதான் வினையாகிப் போனது.

ஒருநாள் அண்ணி சங்கத்துக்குப் போட்ட அரக்கு நிறப் புடவையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார். சங்கத்தில் தரம் பார்ப்பவர் அதை விரித்து, தடவி, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஏனென்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அண்ணி எனக்கு அப்படியே சொன்னார்.

"கையில நெய்ஞ்ச மாதிரி இல்லியாம். ரொம்ப ஒழுங்கா கீதாம். தம்பி வீட்டுல விசைத்தறிப் புடவைதானே வந்து எறங்குதுன்னு கேக்குறாரு."

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விசாரணை. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று கொடுத்ததாக முடிவானால் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போவது ஒரு பக்கம். அடுத்த தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் 'விசைத்தறி அக்கா' என்பார்களே, அது இன்னொரு பக்கம். அண்ணி இரண்டாவதைத்தான் பெரிதாக நினைத்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே சங்கத்துக்குப் போனேன். வந்து தறியைப் பாருங்கள், உங்கள் கண்ணெதிரே நெய்து காட்டுவார் என்றேன். தரம் பார்ப்பவர் கோபப்படவே இல்லை.

"அந்தம்மாவுக்கு நெய்யத் தெரியாதுன்னு யாருங்க சொன்னது? இந்தப் புடவை எதுல வந்ததுன்றதுதான் கேள்வி. புடவைய வெச்சிதான் பேசணும்."

புடவையை வைத்துத்தானே பேச வேண்டும்? பேசுகிறேன் என்று வந்துவிட்டேன். படித்தவள் என்கிற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

என் யோசனை இதுதான். விசைத்தறியில் நெய்த துணியைப் பல்சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கைத்தறியில் அப்படி இல்லை. அரைச் சாண் நெய்ததும் நிறுத்தி, நெய்த துணியைக் கையால் படமரத்தில் சுற்றி, நெடுக்கே ஓடும் பாவு இழைகளை மறுபடி இழுத்துக் கட்டி, பிறகுதான் தொடர வேண்டும். தொடங்கும் இடத்தில் குறுக்கே ஓடும் ஊடை இழைகள் கொஞ்சம் நெருங்கியோ தள்ளியோ உட்காரும். சுமாராக நெய்கிறவர்கள் புடவையில் அது கோடாகவே தெரியும். அண்ணி புடவையில் தெரியாது. தெரியாதே தவிர, இல்லாமல் போய்விடுமா? கை என்றால் கைதானே. கண்ணுக்குத் தெரியாததை அளந்து காட்டினால் போயிற்று.

எங்கள் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. அதில் ஒரு சமயத்தில் நாலைந்து இழை பார்க்கலாம். எனக்கு அரைச் சாணுக்கு மேல் ஒரே பார்வையில் வேண்டும். அதற்கு ஸ்கேனரை விட்டால் வேறு வழியில்லை. இலையின் பரப்பை, மரத்தின் வளையங்களை எல்லாம் சாதாரண ஆபீஸ் ஸ்கேனரில் வைத்து மயிரிழை பிசகாமல் அளக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்து இருநூறு புள்ளி என்று வைத்தால் ஒவ்வொரு ஊடை இழைக்கும் பத்துப் பதினைந்து புள்ளி கிடைக்கும். போதாதா?

மிஷின் என்னைப் படுத்தத் தொடங்கியது அங்கேதான்.

முதல் நாள் அது படத்தை பிடிஎஃப் ஆக மட்டும்தான் தருவேன் என்றது. தந்தது, இழைகள் ஒன்றோடொன்று கரைந்து, சேற்றை மெழுகியது மாதிரி ஒரு படம். கோப்பைச் சின்னதாக்குகிறேன் பேர்வழி என்று எனக்கு வேண்டியதை எல்லாம் அது தூக்கி எறிந்திருந்தது. அதற்கொரு வழி கண்டுபிடித்தால், அடுத்து நிறம். நல்ல அரக்கு நிறத்தைத் தக்காளி ரசமாக மாற்றிவிட்டது. படம் மங்கலாக இருப்பதாகத் தானே நினைத்துக்கொண்டு தானே வெளுத்துக் கொடுக்கிற வசதியாம். உன்னை யார் கேட்டது? அதை அணைத்தால், ஓரங்களைக் கூர்மையாக்குகிற இன்னொரு வசதி. அதை அணைத்தால், படத்தைப் பக்கத்துக்குள் அடக்குவதற்காக மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குகிற வேறொன்று. நீயாக ஒன்றும் செய்யாதே, இருப்பதை இருக்கிறபடி எடுத்துக் கொடு என்று ஒரு மிஷினிடம் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது.

அலுவலக உதவியாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

"மேடம், இது ஆதார் கார்டு ஸ்கேன் பண்ற மிஷினு. இதுல போயி புடவைய அளந்துகினு கீறீங்களே."

"கண்ணாடிக்கு ஆதார் எது, புடவை எதுன்னு தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுமே. பிரின்சிபால் கேட்டா நான்தானே பதில் சொல்லணும். ஜல்தியா முடிங்க."

புடவையை வெட்ட முடியாது. முழுப் புடவையையும் மடியில் போட்டுக்கொண்டு, ஒரு பகுதியை மட்டும் கண்ணாடிமேல் விரித்து, மூடி மூடாததால் மேலே ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி, துணி நழுவாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு படத்துக்குப் பல நிமிடம். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு பெரிய படத்தை விழுங்கத் தெம்பில்லை. மிஷின் 'கிர்ர்ர்' என்று கொஞ்ச தூரம் போகும், 'டக்' என்று நிற்கும், யோசிக்கும், மறுபடி 'கிர்ர்ர்' என்று போகும். அந்த 'டக்' சத்தம் எத்தனை முறை என் காதில் விழுந்தது! விழுந்து என்ன பிரயோஜனம்? அந்தச் சத்தத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு நல்ல படம் கிடைத்தது. அதிலிருந்து ஊடை இழைகளின் இடைவெளியை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வரைபடம் போட்டேன். கோடு சமமாகப் போய்க்கொண்டே வந்து ஓரிடத்தில் துள்ளியது. பிறகு சமம். பிறகு இன்னொரு துள்ளல். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட அரைச் சாண். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அண்ணி தறியில் இருந்தார். குழிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து காகிதத்தை நீட்டினேன்.

"அண்ணி, கெடச்சிடுச்சி! பாருங்க, அரைச் சாணுக்கு ஒரு தடவை இழை எகிறுது. நீங்க சுத்தற எடத்துல எல்லாம். ரெண்டு இழை அகலத்துக்கு எகிறுது!"

ஊடை நூலோடு இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்த நாடாவை அண்ணி நிறுத்தினார். காகிதத்தை வாங்கவில்லை.

"ரெண்டு இழையா?"

"ஆமாங்க அண்ணி. இதுதான் சாட்சி."

"என் புடவையில ரெண்டு இழை அகலத்துக்குச் சந்து கீதுன்ற."

"இருந்தாதானே நல்லது? அப்பதானே கையில நெய்ஞ்சதுன்னு..."

"அது இல்லாம நெய்றதுக்கு எனக்குப் பத்து வருஷம் ஆச்சிம்மா." அவர் குரல் உயரவில்லை. "நீ ஒரு வாரம் குந்தி அதைத் தேடிகினு இருந்தியா?"

 தறி மறுபடி ஓடத் தொடங்கியது. நான் மாடிக்கு வந்தேன். உதவி செய்யப் போனவளை இப்படிப் பேசினால் எப்படி என்று என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வியாபாரி, வாதம் செய்யத் தெரிந்தவர். "விசைத்தறிப் புடவை ஒண்ணையும் அதே மாதிரி எடு. அதுல துள்ளாது. ரெண்டையும் பக்கத்துல வெச்சிக் காட்டு. அக்காவும் ஒத்துக்கும், அவங்களும் ஒத்துப்பாங்க" என்றார். நல்ல யோசனை. எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டேன்.

மறுநாள் அவர் சரக்கிலிருந்து ஒரு பச்சைப் புடவையைக் கொண்டுபோய் வைத்தேன். வரைபடம் வந்தது. சமமாகப் போய், ஓரிடத்தில் துள்ளி, சமமாகப் போய், இன்னொரு இடத்தில் துள்ளியது. அதே இடங்கள். அதே இரண்டு இழை.

இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு ஆய்வகத்திலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து வந்து கண்ணாடிமேல் வைத்து எடுத்தேன். மில்லிமீட்டர் கோடுகள் ஒழுங்காக வந்துகொண்டே இருந்து, அதே இரண்டு இடங்களில் துள்ளின. ஸ்கேலை யாரும் படமரத்தில் சுற்றி நெய்யவில்லை. அந்த 'டக்'! கம்ப்யூட்டர் விழுங்கி முடிக்கும்வரை மிஷின் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஓடும்போது விட்ட இடத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. அது நிற்கும் தூரமும் அண்ணி சுற்றும் தூரமும் ஒன்றாக இருந்தது என் தலையெழுத்து. மிஷினின் கோளாறை நான் அண்ணியின் கைமேல் எழுதி, அதையும் கொண்டுபோய் அவரிடமே படித்துக் காட்டியிருக்கிறேன். கருவியை முதலில் சோதியுங்கள் என்று நாள் தவறாமல் கத்துகிறவள்!

"இன்னா மேடம், மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி?" என்றார் அலுவலக உதவியாளர்.

"மிஷின் பொய் சொல்லுதுங்க."

"நான்தான் அப்பவே சொன்னனே, ஆதாருக்குதான் லாயக்குன்னு." அவர் துண்டைப் போர்த்தினார்.

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. ஸ்கேனர் எப்படிப் பார்க்கிறது என்று அப்போதுதான் ஒழுங்காக யோசித்தேன். கண்ணாடிக்கு அடியில் ஒரு குச்சி நகர்கிறது. அதன் நீளத்துக்குக் கண்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. குச்சிதான் நகரும், ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. குச்சி போகிற திசையில் அளந்தால் மோட்டார் செய்கிற கூத்தெல்லாம் அளவில் சேரும். குச்சியின் நீளவாட்டில் அளந்தால் சேராது. நான் விரித்த விதத்தில் ஊடை இழைகளின் இடைவெளி குச்சி போகிற திசையில்தான் விழுந்தது. புடவையைக் குறுக்காகத் திருப்பி வைத்திருந்தால் போதும். அவ்வளவுதான். ஒரு திருப்பு.

ஏன் திருப்பவில்லை? நெசவு வீட்டில் பிறந்து நெசவு வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள் நான். துணியை விரி என்றால் என் கை தானாக இடப்பக்கம் ஒரு கரை, வலப்பக்கம் ஒரு கரை என்று வைத்துத்தான் விரிக்கும். தறியில் உட்கார்ந்தவர் அப்படித்தான் பார்ப்பார். சங்கத்து மேஜையிலும் கடையிலும் அப்படித்தான் விரிப்பார்கள். போளூரிலோ வந்தவாசியிலோ பிறந்த எந்த விவசாய வீட்டுப் பெண்ணாவது இருந்திருந்தால் எப்படி வேண்டுமானாலும் போட்டிருப்பாள், பிழைத்திருப்பாள். அத்தனை நாளில் ஒரு தடவைகூடப் புடவையைக் குறுக்காக வைக்க எனக்குத் தோன்றவில்லை.

திருப்பி வைத்தேன். முதலில் ஸ்கேல், கோடுகள் ஒழுங்காக வந்தன. பிறகு அரக்குப் புடவை. கண்ணாடியின் அகலம் ஒரு சாண்கூட இல்லை என்பதால் துணியை நகர்த்தி நகர்த்தி எடுத்தேன். ஒவ்வோர் இடத்தையும் ஐந்து முறை. துள்ளல் இருந்தது. ஆனால் இரண்டு இழை அகலம் இல்லை. ஓர் இழையில் கால்வாசிகூட இல்லை. அரைச் சாணுக்கு ஒரு முறை, ஒரு பெருமூச்சு அளவுக்கு இழை நகர்ந்து, அடுத்த நாலைந்து இழைக்குள் சரியாகிவிடுகிறது. பச்சைப் புடவையில் அதுவும் இல்லை. முப்பது வருடம் பழகிய கை அவ்வளவு மட்டும்தான் மிச்சம் விட்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மிஷின் பிழை, என் பிழை, ரெண்டு இழை பொய். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். அவர் இந்த முறை காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"கால் இழைதானா?"

"கால்கூட இல்லீங்க அண்ணி."

"அதானே பாத்தேன்." முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லம்மா. முப்பது வருஷமா ஊரை ஏமாத்திகினு இருந்தனான்னு நெனச்சிகினே படுத்திருந்தேன்."

வெள்ளிக்கிழமை சங்கத்தில் அந்த வரைபடத்தைத் தரம் பார்ப்பவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

"இது இன்னாங்க, ஈசிஜி மாதிரி கீது?"

விளக்கினேன். பாதியிலேயே அவர் கண் வேறு பக்கம் போய்விட்டது. இரண்டு வார உழைப்பு! எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. காகிதத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, துள்ளல் வரும் இடங்களில் அடையாளத்துக்கு நான் கோத்திருந்த வெள்ளை நூலைக் காட்டி, "இங்க லென்ஸ் வெச்சிப் பாருங்க. அடுத்தது இங்க. அடுத்தது இங்க. அரைச் சாணுக்கு ஒண்ணு" என்றேன். அவர் குனிந்தார். முதல் நூல், இரண்டாவது, மூன்றாவது. வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

"கீதுங்க. சும்மா பாத்தா தெரியாது. எங்கன்னு சொன்னதால தெரியுது. கைத்தறிதான்."

அவ்வளவுதான். பதிவேட்டில் ஒரு வரி எழுதினார், புடவையை எடுத்துக்கொண்டார். நாங்கள் எழுந்தபோது அவராகவே, நல்ல மனதோடுதான், இன்னொன்றும் சொன்னார்.

"அந்தக் கோடு கொஞ்சம் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா உங்களுக்கும் பேஜார் இல்ல, எங்களுக்கும் பேஜார் இல்லம்மா."

அண்ணி தலையாட்டினார். வெற்றி பெற்ற சந்தோஷத்தில் நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. வரும் வழியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கரும்புச் சாறு குடித்தோம்.

அடுத்த புடவை மாம்பழ நிறம், பச்சைக் கரை. தறியிலிருந்து அறுத்து இறக்கிய அன்று அண்ணி அதை எனக்குக் காட்டுவதற்காக மாடிக்கே கொண்டு வந்தார். பால்கனி வெளிச்சத்தில் விரித்தார். இடப்பக்கம் ஒரு கரை, வலப்பக்கம் ஒரு கரை. லென்ஸ் வேண்டியிருக்கவில்லை. அரைச் சாணுக்கு ஒரு கோடு, புடவை நெடுக, மெல்லியதாக.

"அண்ணி, இது என்ன?"

"சுத்தற எடம்."

"தெரியுதே!"

"தெரியணும்னுதானே அவரு சொன்னாரு. நீயும் அதைத்தானே தேடின?" அவர் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "சுத்திட்டு மொத இழைய கொஞ்சம் தளர்த்தி வுடறேன். பழகறதுக்குத்தான் கஷ்டமா கீது. கை தானா சரி பண்ணப் பாக்குது."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சங்கத்துக்காரர்மேலா, மிஷின்மேலா, என்மேலா? "இனிமே இப்படி நெய்யாதீங்க" என்று கத்தினேன். "யார் கேட்டாலும் நான் வந்து அளந்து காட்டறேன்" என்றேன். அண்ணி புடவையை மடித்தபடியே, "ஒவ்வொரு புடவைக்கும் ரெண்டு வாரம் நீ வந்துகினு இருப்பியா?" என்று கேட்டார். 

அந்தப் புடவை சங்கத்துக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் கேட்டு வாங்கிக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். பூப்போட்ட துண்டை விலக்கினேன்.  குறுக்காகத் திருப்பி விரித்து, பக்கத்திலேயே எஃகு ஸ்கேலையும் வைத்து, ஒரே படமாக எடுத்தேன். புடவையில் இழை துள்ளியது. இரண்டு இழை அகலத்துக்கு. மிஷின் மறுபடி பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு ஸ்கேல் பக்கம் பார்த்தேன். கோடுகள் ஒன்றுகூட விலகாமல் சரியாக இருந்தன.